லேப்டாப் போகட்டும், ஹார்ட் டிஸ்க் இருக்கட்டும்

இடுக்கி, பாலக்காடு எல்லைப் பள்ளிகளின் லிட்டில் கைட்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

மேலே மூணாறு, தேவிகுளம், மறையூர், வட்டவடை, சூரியநெல்லி, வண்டிப்பெரியாறு. கீழே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, வடகரைப்பதி. இந்த ஊர்ப் பக்கங்களில் தமிழ்வழி படித்துக்கொண்டு கேரளப் பள்ளிகளின் ஐடி மன்றமான லிட்டில் கைட்ஸிலும் இருக்கிறவர்கள் நீங்கள். ஊர்ப் பெரியவர்களால் எளிதில் முடியாத, உங்களால் முடிகிற ஒரு வேலை காத்திருக்கிறது. ஓடாமல் கிடக்கும் லேப்டாப்புகளிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு டெஸ்க்டாப்பில் இணைத்து, உள்ளே இருப்பதை வீட்டுக்காரர்களுக்குப் படியெடுத்துக் கொடுக்கும் வேலை. அதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய புராசஸர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. பரணில் கிடந்த லேப்டாப்போடு, நேற்றுவரை ஓடிய லேப்டாப்பும் இப்போது பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரரின் தராசுக்குப் போகிறது. எல்லையில் இன்னொரு வகையும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. போடி, தேனி, உடுமலை, பொள்ளாச்சி, கோவைப் பக்கம் தங்கிப் படித்த உங்கள் அண்ணன்மார், அக்காமார் சிலர் அந்த லேப்டாப்போடு வீடு திரும்பினார்கள். பேட்டரி செத்து, திரை உடைந்து அவை இப்போது மூலையில் கிடக்கின்றன. திரை உடைந்தது என்பதற்காக டிஸ்க்கும் கெட்டுப்போனதாக ஆகாது. பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? உங்கள் தாத்தா பாட்டி படங்கள் ஸ்டுடியோ அட்டையில் இருக்கின்றன. உங்கள் படங்கள் ஃபோனிலிருந்து தானாகவே இணையச் சேமிப்புக்குப் போகின்றன. நடுவில் ஒரு காலம் இருந்தது, ஏறக்குறைய 2005 முதல் 2015 வரை. டிஜிட்டல் கேமராவிலும் மெமரி கார்டு ஃபோனிலும் எடுத்ததை லேப்டாப்பில் கொட்டிவிட்டு, கார்டைக் காலி செய்துகொண்ட காலம். பிரிண்ட் போடவில்லை, இணையத்திலும் ஏற்றவில்லை. அந்தப் பத்தாண்டுக்கு வேறு ஆல்பம் கிடையாது, இந்த டிஸ்க்குகள்தான் ஆல்பம்.

அந்தப் பத்தாண்டில் எல்லைத் தமிழருக்கு நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். 2005இல் கண்ணன் தேவன் மலைத் தோட்டங்கள் தொழிலாளரும் பங்கு வைத்திருக்கும் கம்பெனிக்குக் கைமாறின. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரத்தில் குமுளி எல்லை கொதித்தது. 2015 செப்டம்பரில் போனஸுக்காகவும் கூலிக்காகவும் தோட்டத்துப் பெண்கள் தாங்களாகவே திரண்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற அவர்களின் பெயர் நாடு முழுதும் தெரிந்தது. செய்தி சேனல்கள் எடுத்த காட்சிகள் அவர்களிடம் இருக்கின்றன. கூட்டத்துக்குள் நின்ற அக்காமார் தங்கள் ஃபோனில் எடுத்தவை எங்கே? யாரோ ஒருவர் வீட்டு லேப்டாப்பில்தான் இருக்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பெட்டிமுடியில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். அந்த வீடுகளின் ஆல்பங்களும் சான்றிதழ்களும் மண்ணோடு போயின. அவர்கள் கலந்துகொண்ட கல்யாணங்களின் வீடியோ உறவினர் வீட்டு டிஸ்க்கில் இருக்கலாம், ஊர் ஸ்டுடியோவின் பழைய கம்ப்யூட்டரில் இருக்கலாம். அதையும் எடைக்குப் போட்டுவிட்டால் அந்த முகங்களைப் பிறகு எங்கே தேடுவது?

படங்களோடு காகிதமும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டு அலைந்தவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வந்த காலத்துக்கு முன்பே குடும்பம் இங்கே இருந்தது என்று காட்டச் சொல்வார்கள். கொள்ளுத்தாத்தாவின் எஸ்டேட் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல், பழைய ரேஷன் கார்டு எல்லாம் கரையான் தின்றிருக்கும். ஆனால் எப்போதோ ஒரு விண்ணப்பத்துக்காக யாராவது அதை ஸ்கேன் செய்து லேப்டாப்பில் போட்டிருக்கலாம். ஸ்கேன் நகலை அசலாக அலுவலகம் ஏற்றுக்கொள்ளாது. என்றாலும் எந்தப் பதிவேடு, எந்த எண், எந்தத் தேதி, எந்த அலுவலகம் என்று அது சொல்லும். அதை வைத்துக்கொண்டு சான்றிட்ட நகல் கேட்டு எழுதலாம். பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன் விவகாரங்களுக்கும் இதே கதைதான். ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டிய குடும்பத்தில் காகிதம் தொலைவது சாதாரணம்.

சரி, உங்களை ஏன் கேட்கிறேன்? 2018 ஜனவரியில் லிட்டில் கைட்ஸ் தொடங்கியபோதே பயிற்சியில் ஹார்டுவேரும் சேர்ந்திருந்தது. உங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் கேரள அரசின் கைட் நிறுவனம் தரும் உபுண்டு அடிப்படையிலான லினக்ஸ் ஓடுகிறது. இந்த வேலைக்கு அது மிகவும் தோதான கருவி. விண்டோஸ் டிஸ்க்கையும் லினக்ஸ் டிஸ்க்கையும் அது படிக்கும். பழைய விண்டோஸ் டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் வைரஸ்கள் அதில் ஓடாது. விலையில்லா மடிக்கணினிகள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தவை. அந்த லினக்ஸ் பகுதியை விண்டோஸ் கம்ப்யூட்டர் படிக்காது. "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்தலாம்" என்று கேட்கும். விவரம் தெரியாமல் சம்மதம் சொன்னால் முதலுக்கே மோசம்.

முதலில் டிஸ்க் எந்த வகை என்று பாருங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரியை எடுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடலாக இருந்தால் அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பை விடுவியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் கை வைக்காமல் ஆசிரியரைக் கூப்பிடுங்கள். பழைய லேப்டாப்புகளில் டிஸ்க்குக்கென்றே அடியில் ஒரு சின்ன மூடி இருக்கும். இரண்டு மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் இரண்டரை அங்குல டிஸ்க் கையில் வந்துவிடும். சில கம்பெனிகள் அதன் முனையில் ஓர் இடைப்பிளக் மாட்டியிருக்கும். மெதுவாக நேராக இழுத்தால் அது கழன்று, உண்மையான முனை தெரியும்.

முனையில் ஊசிகள் இல்லாமல், நீளமும் குட்டையுமாக இரண்டு தட்டையான பிளாஸ்டிக் நாக்குகள் தெரிந்தால் அது சாட்டா. குட்டையானது 7 தொடர்பு கொண்ட டேட்டா முனை, நீளமானது 15 தொடர்பு கொண்ட பவர் முனை. டெஸ்க்டாப்பின் மூன்றரை அங்குல டிஸ்க்கிலும் இதே முனைதான். அதனால் எந்த மாற்றியும் இல்லாமல் லேப்டாப் டிஸ்க் டெஸ்க்டாப் கேபிளில் நேராக உட்காரும். மின்சாரமும் பிரச்சினை இல்லை. பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வேண்டும், லேப்டாப் டிஸ்க்குக்கு 5 வோல்ட் மட்டும் போதும்.

இரண்டு வரிசையாக ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது அதற்கும் முந்தைய ஐடிஇ வகை. லேப்டாப் ஐடிஇயில் 44 ஊசிகள், மின்சாரமும் அவற்றின் வழியேதான் வரும். டெஸ்க்டாப்பில் 40 ஊசிகள், பவர் கேபிள் தனி. ஊசி இடைவெளியும் வேறு. இதற்கு மாற்றி கட்டாயம் தேவை. பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் 4 ஊசிகள் ஜம்பருக்கானவை, அவற்றில் கேபிளை ஏற்றாதீர்கள். முதல் ஊசி எது என்று போர்டில் குறித்திருக்கும். தலைகீழாக மாட்டினால் டிஸ்க் எரிந்துபோகலாம்.

சூயிங்கம் பட்டை போல மெலிந்த அட்டையாக இருந்தால் அது எம்.2 எஸ்எஸ்டி. அதிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு ஜாதி. கேசிங் வாங்கும்போது எது என்று பார்த்து வாங்க வேண்டும். மலிவு லேப்டாப்புகள் சிலவற்றில் சேமிப்புச் சில்லு மதர்போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். அதைக் கழற்ற முடியாது. வெளித் திரை மாட்டி அந்த லேப்டாப்பையே ஓடவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இணைக்க இரண்டு வழி உண்டு. டெஸ்க்டாப்பின் கேபினட்டைத் திறந்து நேரடியாக மாட்டுவது ஒன்று. மின் இணைப்பைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, பிறகு மாட்டுங்கள். டிஸ்க்கின் அடியில் சர்க்யூட் திறந்து கிடப்பதால் உலோகத்தின்மேல் வைக்காமல் ஓர் அட்டையின்மேல் வையுங்கள். ஓடும்போது தூக்கவோ திருப்பவோ கூடாது. மெஷினை ஆன் செய்ததும் அது பழைய டிஸ்க்கில் உள்ள விண்டோஸையே கிளப்பப் பார்க்கலாம். பயாஸில் போய் உங்கள் டிஸ்க்கை முதலில் வையுங்கள். இந்த வழி வேகமானது, நிறைய டேட்டா இருந்தால் ஏற்றது. ஆனால் பள்ளிக் கம்ப்யூட்டரை அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. யூஎஸ்பி கேசிங் அல்லது சாட்டா-யூஎஸ்பி கேபிள். சில நூறு ரூபாய்தான். பாலக்காடு, தேனி, கோவைக் கடைகளில் கிடைக்கும். இதில் ஒரு சிக்கல் மட்டும் வரும். யூஎஸ்பி 2.0 துளை தரும் மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. சில பழைய டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும் நொடியில் அதைவிட அதிகம் இழுக்கும். டிஸ்க் முனகிவிட்டு நின்றுவிட்டால் உடனே செத்துப்போனதாக முடிவு கட்டாதீர்கள். டெஸ்க்டாப்பின் பின்பக்கத் துளையில் மாட்டுங்கள், அல்லது இரட்டைத் தலை யூஎஸ்பி கேபிள் போடுங்கள்.

மலைக்கும் சமவெளிக்கும் தனித்தனி எச்சரிக்கை. மூணாற்றுக் குளிரில் கிடந்த டிஸ்க்கைச் சூடான அறைக்குக் கொண்டுவந்த உடனே ஓட்டினால் உள்ளே ஈரம் படியும். சாதாரண ஹார்ட் டிஸ்க்குகளில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு சிறு துளை உண்டு, அவை முழுக்க அடைபட்டவை அல்ல. சில மணி நேரம் அறையிலேயே இருக்கவிட்டுப் பிறகு மாட்டுங்கள். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தூசியும் வெயிலும்தான் எதிரி. முனைகளைத் தூரிகையால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கை இரு பக்கத்தவரும் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், வெயிலிலும் காயவைக்க வேண்டாம்.

இணைத்த பிறகு ஒழுங்கு முக்கியம். எந்தத் திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் 'ஃபார்மட்', 'இனிஷியலைஸ்', 'ரிப்பேர்' மூன்றுக்கும் உங்கள் பதில் ஒன்றே: வேண்டாம். டிஸ்க்கைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் திறங்கள். ஒரு கோப்பைக்கூட அதிலேயே திருத்தாதீர்கள். லினக்ஸின் டிஸ்க்ஸ் செயலியில் அதன் உடல்நிலை அறிக்கையைப் பாருங்கள். கெட்ட பகுதிகள் இருப்பதாக அது சொன்னால் கோப்புகளைத் தேடி நேரம் கழிக்காமல் முதலில் டிஸ்க்கை அப்படியே பிரதியெடுங்கள். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ அதற்கானது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பும். எதுவரை எடுத்தோம் என்று குறிப்பு வைத்துக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மழைக்காலத்தில் மலையில் வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

டக், டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் படிக்கும் தலைப்பகுதி பழுதாகியிருக்கும். இன்னும் ஒரு முறை ஆன் செய்து பார்ப்போம் என்று ஒவ்வொரு முறை முயலும்போதும் தட்டின் மேற்பரப்பு கீறப்படலாம். டிஸ்க்கின் மூடியைத் திறக்கவே கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்பதை நம்ப வேண்டாம். இப்படிப்பட்ட டிஸ்க்கை மீட்பது பெருநகர ஆய்வகங்களின் வேலை, செலவும் ஆயிரக்கணக்கில் ஆகும். வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொல்லி, உறையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

டிஸ்க் நன்றாக ஓடியும் உள்ளே போக முடியாத இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10, 11 லேப்டாப்புகள் சில பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும். லேப்டாப்பிலிருந்து கழற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்க வாய்ப்புண்டு. அந்த எண் எங்குமே இல்லையென்றால் வழி கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை ஒதுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

தமிழ்க் கோப்புகளுக்கு மட்டும் ஒரு தனி வேலை இருக்கிறது, இதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா வரவு செலவு, தொழிற்சங்க நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் என்று பழையவை எல்லாம் யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சானவை. பாமினி, டிஸ்கி, டாப் என்று ஒவ்வொன்றும் ஒரு குறியாக்க முறை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் தரங்கள் வந்தன. 2010இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. அந்தக் கோப்புகளை இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். கெட்டுப்போனது என்று அழித்துவிடாதீர்கள். அதற்குரிய எழுத்துரு அதே டிஸ்க்கில், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் என்ற அறையில் இருக்கும். படங்களையும் ஆவணங்களையும் எடுக்கும்போது அந்தக் கோப்புறையையும் மறக்காமல் எடுங்கள். எழுத்துரு கையில் இருந்தால் கோப்பைப் படிக்கலாம், எழுத்துரு மாற்றிகளால் யூனிகோடுக்கும் கொண்டுவரலாம். லிட்டில் கைட்ஸில் மலையாளக் கணிமை கற்றுத்தருகிறார்கள். தமிழ்க் கணிமையை நீங்கள் இந்த வேலையில் கற்றுக்கொள்வீர்கள்.

எடுத்ததை எங்கே வைப்பது? குறைந்தது இரண்டு பிரதி, இரண்டும் ஒரே கூரையின் கீழ் வேண்டாம். மலையில் இருப்பவர்கள் ஒன்றைப் போடியிலோ உடுமலையிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் வைக்கட்டும். பெட்டிமுடிக்குப் பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை. எஸ்எஸ்டியில் போட்டு வருடக்கணக்கில் பெட்டியில் பூட்டிவைப்பது நல்லதல்ல. மின்சாரமே காட்டாமல் வைத்தால் அதில் உள்ளது மங்கிப்போகலாம். ஆண்டுக்கு ஒரு முறை, ஓணத்துக்கோ பொங்கலுக்கோ, மாட்டித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நான் கண்டிப்பாகப் பேச வேண்டிய இடம். அடுத்தவர் டிஸ்க் அடுத்தவர் வீடு. உரிமையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வேலை நடக்க வேண்டும். அவர் காட்டும் கோப்புறையை மட்டும் படியெடுங்கள். படங்களை நீங்களாகத் திறந்து பார்க்காதீர்கள், உங்கள் ஃபோனிலோ பள்ளிக் கம்ப்யூட்டரிலோ ஒரு படமும் தங்கக் கூடாது. இறந்தவர் டிஸ்க் என்றால் குடும்பம் முழுதும் சம்மதிக்கட்டும். பெண்கள் கொண்டுவரும் டிஸ்க்கைப் பெண்பிள்ளைகளே பார்க்கட்டும். பொறுப்பாசிரியர் அறையில் இருக்க வேண்டும். ஒரே ஒரு படம் வெளியே கசிந்தாலும் ஊர் உங்களிடம் இன்னொரு டிஸ்க்கைத் தராது.

பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து சரிபார்த்த பிறகே பழைய டிஸ்க்கை விடலாம். டெலிட் செய்வதாலோ அவசர ஃபார்மட்டாலோ உள்ளே இருப்பது போய்விடாது. ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதும் ஒரு முறை மேலெழுதுங்கள். எஸ்எஸ்டிக்கு அதற்கெனத் தனிக் கட்டளை உண்டு. பிறகு மின்னணுக் கழிவாக, வீடுகளில் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனையிடம் விசாரித்துக் கொடுக்கலாம். குப்பையோடு போட்டுக் கொளுத்த வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பொறுப்பாசிரியரிடம் பேசுங்கள். ஓர் இரண்டாம் சனிக்கிழமையைக் குறியுங்கள். இரண்டு சாட்டா கேசிங், ஓர் ஐடிஇ மாற்றி, ஒரு காலி டிஸ்க்குக்குப் பள்ளி நிர்வாகத்திடமோ ஊர் நூலகத்திடமோ கேளுங்கள். எஸ்டேட் மஸ்டர் ஆபீஸ் வாசலிலும் பால் சொசைட்டி சுவரிலும் தமிழில் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள்: 'லேப்டாப்பை எடைக்குப் போடும் முன் எங்களிடம் கொண்டுவாருங்கள், கட்டணம் இல்லை.' நோட்டீஸ் ஒட்டும் முன் உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். முதல் டிஸ்க் உங்கள் வீட்டுடையதாக இருக்கட்டும். கைப்பழக்கம் வந்த பிறகு ஊராருடையதைத் தொடுங்கள்.

அன்புடன்,
எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன்